பதின்வயது மனச்சோர்வும் தற்கொலை அபாயமும்: பள்ளியில் எப்படிக் கேட்பது, வீட்டில் எதைப் பூட்டுவது?

பாலக்கோடு_வகுப்பாசிரியை கேட்டது:

வணக்கம். எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இருபது நிமிடம் பேச வேண்டும். பொருள், வளரிளம் பிள்ளைகளின் மனச்சோர்வும் தற்கொலை அபாயமும். "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று சுவரொட்டி வாசகம் சொல்லிவிட்டு இறங்க எனக்கு விருப்பமில்லை. கேட்டவர்கள் அன்று மாலை வீட்டுக்குப் போய் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இங்கே கேட்கிறேன்.

மனச்சோர்வு இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்குமே உயிர் அபாயம் உண்டா? சாதாரண வருத்தம் எது, கவலைப்பட வேண்டியது எது என்று ஒரு பெற்றோர் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அடுத்தது, ஆசிரியர்களிடம் இருக்கும் பெரிய பயம். "சாகணும்னு தோணுதா?" என்று வாயைத் திறந்து கேட்டால், இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிட மாட்டோமா?

எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். பாட்டிக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்வது?

மனநல மாத்திரை சாப்பிட்டால் தற்கொலை எண்ணம் கூடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வேண்டும்.

---

குழந்தைமனநல_மருத்துவர் எழுதியது:

டீச்சர், முதல் கேள்விக்கான பதிலில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனச்சோர்வு தற்கொலை அபாயத்தைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மனச்சோர்வு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிரை மாய்க்க முயல்வதில்லை. இன்னொரு பக்கம், நம் ஊர்களில் முயற்சி செய்கிறவர்களில் பலருக்கு நீண்டநாள் மனச்சோர்வு இருந்ததாகத் தெரியவருவதும் இல்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில், தற்கொலையால் இறந்த 100 பேரின் குடும்பங்களைத் தேடிப் போய் விசாரித்த ஆய்வு 2010-இல் வெளியானது. எல்லா வயதினரும் அதில் உண்டு. இறந்தவர்களில் மனநோய் என்று வகைப்படுத்தக்கூடிய நிலை இருந்தது 37 பேருக்குத்தான். மேலை நாட்டு ஆய்வுகளில் இது 90 சதவீதத்தை ஒட்டி வரும். அதே ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரையிலான இறப்புகளைப் பார்த்த இன்னோர் ஆய்வு, 10 முதல் 19 வயதினரைப் பற்றியது. அதில் தற்கொலை விகிதம் பெண்பிள்ளைகளிடம் ஆண்பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இது நமக்குத் தொலைதூரக் கதையல்ல. அதே மாதிரி ஊர்கள், அதே மாதிரி வீடுகள்.

ஆகவே பெற்றோருக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, வாரக்கணக்கில் பிடித்து ஆட்டும் நோயைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பது. மற்றது, ஒரு திட்டு, ஒரு அவமானம், ஒரு ரிசல்ட் வந்து விழுந்த பிறகு வரும் அந்தச் சில மணி நேரத்தைக் கடத்திவிடுவது. மனச்சோர்வு உள்ள பிள்ளைக்கு இரண்டாவது வந்து சேரும்போதுதான் அபாயம் மிகவும் கூடுகிறது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

நோயைக் கண்டுபிடிக்கும் கணக்கு இது. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம், இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்: மனம் வாடிக் கிடப்பது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசி அல்லது எடை மாறுவது, அசதி, கவனம் நிற்காமல் போவது, தன்னை உதவாக்கரை என்றும் குற்றவாளி என்றும் நினைப்பது, நடை பேச்சு மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, சாவைப் பற்றிய நினைப்பு. முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பதின்வயதில் ஒரு விசேஷம் உண்டு. வாடிக் கிடப்பதற்குப் பதிலாக எரிச்சலாகவே வரலாம். தொட்டதற்கெல்லாம் கத்துவது, தட்டைத் தள்ளிவிடுவது, கதவைச் சாத்திக்கொள்வது. வீட்டில் அதைத் "திமிர்" என்பார்கள். போன மாதம் வரை அப்படி இல்லாத பிள்ளை இப்போது அப்படி இருக்கிறது என்றால் அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் "மனச்சோர்வு" என்று வந்து சொல்ல மாட்டார்கள். தலை பாரமா இருக்கு, வயிறு வலிக்குது, நெஞ்சு படபடங்குது, எல்லாம் வெறுத்துப்போச்சு என்பார்கள். காலை வழிபாட்டில் மயங்கி விழுவார்கள். வெயில் என்று சோடா கொடுத்து அனுப்பிவிடுவோம். வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். கட்டட்டும், அதைத் தடுத்துச் சண்டை போட்டால் பிள்ளை நம் கையை விட்டுப் போய்விடும். "கயிறும் கட்டுங்க, வர்ற வாரமே ஆஸ்பத்திரிக்கும் வாங்க" என்பதே சரியான பேச்சு. முதல் தடவை வரும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பது வழக்கம். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியைக் காட்டும்.

மனச்சோர்வு எப்போது உயிர் அபாயமாகத் திரும்புகிறது? முன்பு ஒரு முறை முயன்றிருப்பதுதான் மிகப் பெரிய எச்சரிக்கை, "சும்மா மிரட்டினான்" என்று வீட்டில் சொன்ன முயற்சி உட்பட. அடுத்தது, இனி எதுவும் மாறாது என்ற எண்ணம். "நான் இல்லாம போனா உங்களுக்கு நிம்மதி" என்று தன்னைப் பாரமாகப் பேசுவது. நாலைந்து இரவு சேர்ந்தாற்போல் தூங்காமல் இருப்பது. குடி. கண்ணும் கையும் நிலைகொள்ளாத பதற்றம். பிடித்தமான பொருளை எல்லாம் தம்பிக்கும் தோழிக்கும் கொடுத்துவிட்டு, அதுவரை அழுத பிள்ளை திடீரென அமைதியானால் "தேறிட்டா" என்று விட்டுவிடக் கூடாது. அன்றே கேட்க வேண்டும்.

கேட்டால் எண்ணம் உண்டாகுமா என்ற பயத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணமோ மனக்கலக்கமோ கூடவில்லை. மனச்சோர்வு இருந்தவர்களுக்கும், முன்பு முயன்றவர்களுக்கும் கேட்டது ஆறுதலாகவே இருந்தது. கெடுதல் செய்வது கேள்வியல்ல, கேட்கும் விதம். "அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலையே?" என்று பதிலையும் நாமே சொல்லிக்கொடுத்தால் பிள்ளை "இல்ல மிஸ்" என்றுதான் சொல்லும்.

தற்கொலை அபாயத்தைக் கண்டறிய மருத்துவமனைகளில் பயன்படும் ஏ.எஸ்.க்யூ. என்ற நான்கு கேள்விகளை நம் பேச்சில் இப்படி வைக்கலாம். "இந்தக் கொஞ்ச வாரமா, செத்துப்போனா தேவலைன்னு தோணியிருக்கா?" "நீ இல்லாட்டி வீட்டுல இருக்கறவங்க நல்லா இருப்பாங்கன்னு தோணியிருக்கா?" "போன ஒரு வாரத்துல தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைச்சியா?" "எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கியா?" நாலுக்கும் இல்லை என்றால் பரவாயில்லை, தூக்கம் சாப்பாடு பற்றிப் பேசிவிட்டு அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் வந்தாலும் ஐந்தாவது கேள்வி: "இப்ப, இந்த நிமிஷம் அந்த நினைப்பு இருக்கா?" அதற்கும் ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது, கழிப்பறைக்குக்கூட. ஒரு பெரியவர் கூடவே இருந்து அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஐந்தாவதற்கு இல்லை என்றால் அன்று வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் மனநலப் பிரிவில் காட்ட வேண்டும்.

கேட்கும் இடமும் முக்கியம். ஆசிரியர் அறையில் நாலு பேர் முன்னால் கூடாது. மரத்தடியில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எதிரில் உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடும்.

---

கிருஷ்ணகிரி_மனநலசமூகப்பணி எழுதியது:

டாக்டர் சொன்ன இரண்டாவது வேலையைப் பற்றி. பாட்டிக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

நம்ம பக்கம் "மருந்து" என்றால் மாத்திரையும் மருந்துதான், தோட்டத்துக்கு அடிப்பதும் மருந்துதான். இரண்டையும் பூட்ட வேண்டும். நெருக்கடி உச்சத்தில் இருக்கும் நேரம் சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரைதான். அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. "ஒண்ணு பூட்டினா வேற வழி தேட மாட்டாங்களா?" என்று கூட்டத்தில் கண்டிப்பாக ஒருவர் கேட்பார். பெரும்பாலோர் தேடுவதில்லை, அதற்குள் அலை வடிந்துவிடும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நம் மாநிலத்திலேயே காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் குடும்பத்துக்கு ஒரு பூட்டுப்பெட்டி வைத்து மருந்தை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்று நடத்திக் காட்டினார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் காலண்டரைப் பாருங்கள். மாமரம் பூவெடுக்கும் தை, மாசியில்தான் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறோம். அதே சமயத்தில்தான் பொதுத்தேர்வுக்குத் திருப்புதல் தேர்வு நடக்கிறது. காய் இறக்கும்போது ரிசல்ட் வருகிறது. தக்காளிக்காரர்கள் வீட்டில் வருடம் முழுக்கவே டப்பா இருக்கும். அடித்து மீந்த கால் பாட்டில் எங்கே இருக்கும்? மாட்டுக்கொட்டாய் சூரில் செருகியிருக்கும், இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில், சாக்குக்குப் பின்னால்.

பெற்றோருக்குச் சொல்லுங்கள்: ஏக்கருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள், அடுத்த முறைக்கும் சேர்த்து வாங்காதீர்கள். மீந்தது வீட்டுக்கு வரக் கூடாது. மோட்டார் கொட்டகையில் இரும்புப் பெட்டி ஒன்று, நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்று, சாவி ஒரே ஒருவரின் இடுப்பில். கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கும் சாவி பூட்டாத பெட்டிக்குச் சமம். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. அடுத்த தவறு, நாலு நாள் பூட்டிவிட்டு பிள்ளை சிரித்துப் பேசியதும் விட்டுவிடுவது. குறைந்தது மூன்று மாதம் பூட்டு இருக்க வேண்டும். காலி டப்பாவை மூன்று முறை கழுவித் துளை போட்டுவிடுங்கள். எலிமருந்து வேண்டவே வேண்டாம், பொறி வையுங்கள்.

அடுத்தது வீட்டு மாத்திரை. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பாட்டியின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் மொத்தமாக வந்து சாமி படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன. ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் வெளியே வைத்து, மீதியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அப்பா அம்மா ஊரில் இல்லாத வீட்டில் சாவியைப் பாட்டி சேலை முடிச்சில் வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி பிள்ளை பக்கத்திலேயே படுக்கட்டும். தினம் இரவு எட்டு மணிக்கு அப்பாவோ அம்மாவோ போன் பண்ணட்டும். "படிச்சியா?" என்று தொடங்காமல் "சாப்ட்டியா, நேத்து தூங்கினியா?" என்று தொடங்கட்டும்.

போன் விஷயத்தில் ஒரு வார்த்தை. மதியம் சண்டை போட்டுப் போனைப் பிடுங்கி, பிள்ளையை உள்ளே தனியே விட்டுவிட்டு எல்லோரும் தோட்டத்துக்குப் போவது பெரிய ஆபத்து. போனைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் பிள்ளையோடு பேசி நேரம் வையுங்கள். கோபத்தில் பிடுங்காதீர்கள். பிடுங்கிவிட்டீர்கள் என்றால் அன்று வீட்டைக் காலியாக விடாதீர்கள்.

இதையும் பெற்றோருக்குக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: பிள்ளை எதையாவது குடித்துவிட்டது, மாத்திரை விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் உப்புத்தண்ணி, புளிக்கரைசல், சாணிக்கரைசல் எதுவும் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். துணியில் கொட்டியிருந்தால் கழற்றித் தோலைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் கையில் படாமல். டப்பாவையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் எந்த மாற்று மருந்து என்று தெரியும். "நல்லாத்தான் பேசறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சில விஷங்கள் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் காட்டாது, உள்ளே ஈரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

---

ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

எல்லாவற்றுக்கும் மனச்சோர்வு என்று பெயர் வைப்பது சரியா? பரீட்சையில் தோற்றால் வருத்தம் வரத்தான் செய்யும். விடுதிப் பள்ளிகளில் காலை ஐந்தரை முதல் இரவு பத்தரை வரை உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைக்கு நோய் என்று சொல்வது, பள்ளி செய்வதை மறைப்பதாகாதா?

---

குழந்தைமனநல_மருத்துவர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நேரக்கெடு, தூக்கமின்மை, எல்லோர் முன்னாலும் மதிப்பெண்ணை வாசிப்பது, வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு போன், இவை நோயை உண்டாக்கும், இருக்கிற நோயை ஆழமாக்கும். 15 வயதுப் பிள்ளைக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஆறு மணி நேரம் தூங்க வைத்துவிட்டு ஆலோசகரை வரவழைப்பதில் பலன் குறைவுதான். பள்ளி தன் பங்கை மாற்றத்தான் வேண்டும்.

மீதிப் பாதியில் வேறுபடுகிறேன். தோல்வியின் வருத்தம் நாள் ஆக ஆகக் குறையும். நண்பன் வந்தால் கொஞ்சம் லேசாகும், கிரிக்கெட் பார்த்தால் மறக்கும். மனச்சோர்வு அப்படி லேசாகாது. காரணம் தீர்ந்த பிறகும் நிற்கும். காரணம் நியாயமாக இருக்கிறது என்பதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கல்லில் இடறிக் கால் முறிந்தால் கல்லையும் எடுக்கிறோம், கட்டும் போடுகிறோம்.

ரிசல்ட் நாளுக்கு ஒரு நடைமுறை. மதிப்பெண் பெற்றோர் போனுக்கே குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. அதைத் தோட்டத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனிலேயே திட்டுவது நடக்கிறது. அன்று காலையில் ஒருவராவது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கட்டும், சேர்ந்து பார்க்கட்டும். தோற்ற பாடத்தைத் துணைத்தேர்வில் அதே ஆண்டிலேயே எழுதிவிட்டுக் கல்லூரியில் சேரலாம் என்பதை ரிசல்ட் வருவதற்கு முந்தின வாரமே பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

---

ஊத்தங்கரை_மருந்தாளுநர் எழுதியது:

மாத்திரை பற்றிய வாட்ஸ்அப் செய்திக்கு அடிப்படை ஒன்று உண்டு. சுற்றும்போது திரிந்துவிட்டது.

2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 24 ஆய்வுகளில் இருந்த 4,400-க்கும் மேற்பட்ட குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் தரவைப் பார்த்தது. மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 4 பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 2 பேருக்கும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ தெரிந்தது. ஒருவர்கூட அந்த ஆய்வுகளில் தற்கொலையால் இறக்கவில்லை. அதன் பேரில் மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். 2007-இல் அதை 24 வயது வரைக்கும் நீட்டினார்கள். எச்சரிக்கையின் பொருள் "கொடுக்காதே" என்பதல்ல, "கொடுத்தால் முதல் வாரங்களில் கவனித்துப் பார்" என்பதுதான்.

மறுபக்கமும் தெரிய வேண்டும். 2004-இல் வந்த இன்னோர் ஆய்வில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரைப் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரையும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைப் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 61, பேச்சு சிகிச்சை மட்டும் 43, வெற்று மாத்திரை 35. அதனால் லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையில் தொடங்குவார்கள். நடுத்தரமும் கடுமையும் என்றால் இரண்டும் சேர்த்து.

ஃப்ளுவாக்ஸெட்டின் என்றால் பெரும்பாலும் 10 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்துக்குப் பின் 20-க்குப் போவார்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் வாரம் குமட்டல், தலைவலி, தூக்கக் குலைவு வரும், போய்விடும். குணம் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இங்கேதான் தவறு நடக்கிறது. பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். அல்லது இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். தேறிய பிறகும் 6 முதல் 12 மாதம் எடுக்க வேண்டும், நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரையோ ஆலோசகரையோ பாருங்கள். பிள்ளை திடீரென நிலைகொள்ளாமல் அலைந்தால், தூக்கமே வராமல் எரிந்து விழுந்தால், அல்லது தூங்காமலே அளவுக்கு மீறி உற்சாகமாக, வேகமாகப் பேசினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மருந்துத் தேர்வு மாறும். மாத்திரையை பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பெரியவர் வைத்திருந்து தினம் ஒன்று கொடுக்கட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

---

ஓசூர்_வழக்கறிஞர் எழுதியது:

போலீஸ் கேஸ் பயம் பற்றிச் சுருக்கமாக. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கவோ கட்டாயப்படுத்தவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. வீட்டில் மனம் உடைந்த பிள்ளைக்கு அது பொருந்தாது.

ஆனால் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள், காவலர் வந்து வாக்குமூலம் வாங்குவார். அது பிள்ளை மேல் போடும் வழக்கு அல்ல. அந்த வாக்குமூலத்துக்குப் பயந்து "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல" என்று டாக்டரிடம் மறைப்பதுதான் உயிருக்கு வினையாகிறது. என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, மூன்றையும் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

---

பாலக்கோடு_வகுப்பாசிரியை:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பெடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பிள்ளை சொல்லிவிட்டு "வீட்டுல சொல்லிடாதீங்க மிஸ்" என்று காலைப் பிடித்தால்? அதிலும் காதல் விஷயம், வேறு சாதி என்றால் வீட்டில் சொல்வதே ஆபத்தாகிவிடுமே. முயற்சிக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையை எப்படி நடத்துவது?

---

கிருஷ்ணகிரி_மனநலசமூகப்பணி எழுதியது:

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே வாக்குக் கொடுக்காதீர்கள் டீச்சர். பேச்சைத் தொடங்கும்போதே, "நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் ஒருத்தருக்குச் சொல்வேன். அது யாருன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டியது அபாயத்தை, காரணத்தை அல்ல. "தூக்கம் இல்ல, உயிர் வேணாம்னு பேசறா, தனியா விடாதீங்க, மருந்தைப் பூட்டுங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்பது போதும். யாரைக் காதலிக்கிறாள் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் பெரியம்மா, தாய்மாமன், அத்தை என்று பிள்ளை நம்பும் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடே ஆபத்து என்றால் கணக்கு வேறு. அடி, பாலியல் தொல்லை, அவசரக் கல்யாண ஏற்பாடு, இப்படி இருந்தால் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சொல்லுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் பத்தாவது முடித்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுப்பது இன்னும் நிற்கவில்லை, அதைக் காரணமாக எப்போதும் மனதில் வைத்துக் கேளுங்கள். பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம்.

பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு முதல் வாரம் அரை நாள் போதும். ஏன் செய்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவுரை கூடாது. பாடம் விட்டுப்போனதைப் பட்டியல் போட்டு நீட்டாதீர்கள். மனம் தாங்காமல் வந்தால் நேராகப் போய் உட்கார ஒரே ஓர் ஆசிரியர், ஓர் இடம். "எங்க பள்ளிக்கு வேண்டாம்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பது சில இடங்களில் நடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும்தான் மறுமுயற்சிக்கான அபாயம் மிக அதிகம். அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து அறுத்துவிடுவது பெரிய கொடுமை. அந்தப் பிள்ளையின் நெருங்கிய தோழர்கள் இரண்டு மூன்று பேரையும் தனித்தனியே கூப்பிட்டு அதே நான்கு கேள்வியைக் கேளுங்கள்.

பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு தாள் உண்டு. பிள்ளையோடு உட்கார்ந்து அரைமணி நேரத்தில் எழுதலாம். பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், அவசரப் பிரிவில் இந்தத் தாளை எழுதிக் கொடுத்துப் பின்னர் போனிலும் விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை ஏறக்குறைய பாதியானது. எழுத வேண்டியது பிள்ளையின் சொந்த வார்த்தையில். கெட்ட நேரம் வருவது எனக்கு எப்படித் தெரியும் (காது அடைக்குது, ரூமை விட்டு வெளிய வரப் பிடிக்கல). தனியே செய்து சமாளிப்பது எது (கிணத்தடியில தலைக்குத் தண்ணி ஊத்திக்கறது, பாட்டு). போய்ச் சும்மா உட்கார்ந்தால் மனம் மாறும் இடமும் ஆளும் யார். வாய் விட்டு உதவி கேட்கும் ஆள் யார், நம்பரோடு. அவர்களால் முடியாவிட்டால் எந்த டாக்டர், எந்த உதவி எண். கடைசியாக, வீட்டில் எதைப் பூட்டியாயிற்று, சாவி யாரிடம். கிணற்றடி என்று பிள்ளை எழுதினால் கிணறு அபாயமா என்று அங்கேயே கேளுங்கள், அபாயமென்றால் அந்த வரியை மாற்றுங்கள். "இனி பண்ண மாட்டேன்" என்று சத்தியம் வாங்குவதால் பயனில்லை. பிள்ளை அடுத்த தடவை நம்மிடம் வருவதற்கே வெட்கப்படும்.

எங்கே போவது என்பதையும் எழுதிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வட்ட மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட கிழமைகளில் வரும். உங்கள் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று நேரில் கேட்டு, கூட்டத்துக்கு முன்னால் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். மாத்திரை இலவசம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பெங்களூரு ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை கிட்டம், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அங்கே குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்குத் தனித் துறையும் இருபத்துநான்கு மணி நேர அவசரப் பிரிவும் இருக்கின்றன. போனில் பேச 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இந்த மனநலத் தொலைபேசிச் சேவை, நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் அந்த மொழியிலேயே பேசலாம். மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. தேர்வு, பள்ளி சம்பந்தப்பட்டதற்கு 14417. தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சிநேகா அமைப்பு 044-24640050.

எண்களை நோட்டீசாக அடித்துக் கொடுத்தால் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள் டீச்சர். கூட்டத்திலேயே எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, 14416-ஐ "மனநலம்" என்று அங்கேயே சேமிக்க வையுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிகளுக்குப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளே பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுக்கட்டும்.